இதுக்கு ஆள் யாரு?

அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டு ஏழு மாதம் ஆகிவிட்டது. இரவு ஒன்பது மணி இருக்கும். வீட்டு முன்வாசல் அஞ்சடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, குளியலறைப் பக்கத்துச் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே விளக்கெல்லாம் அணைத்திருந்தோம். "இதுக்கு ஆள் யாரும்மா?" என்றார். "எதுக்குப்பா?" என்றேன். "இந்த டேங்கிக்குத்தான். உள்ள தண்ணி கொதிக்குதில்ல? அதைப் பாத்துக்கிற ஆள் யாரு?"

குத்திக் காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில் 31 வருடம் பாய்லர்மேனாக இருந்தவர். மூடிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிறது என்றால் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும், அவன் தூங்கக்கூடாது. அவருக்குத் தெரிந்த உலகம் அது. எங்கள் வீட்டுக் குளியலறையில் பேரன் தலைக்கு மேலே 35 லிட்டர் பாத்திரம் ஒன்று ஆளில்லாமல் தொங்குவது அவருக்கு விளங்கவே இல்லை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குத் தொடங்கி இதை எழுதுகிற வரைக்கும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிற பத்தாங் பெர்ஜுந்தை. பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வெகுகாலம் ஆகிறது, ஆனால் பழைய ஆட்கள் பழைய பெயரைத்தான் சொல்வோம். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் எங்கள் பக்கத்தில்தான் போடப்பட்டது. ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைக்குப் பேர்போன தோட்டத்துக்குத் தென்னையின் பெயரா என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "நம்ம ஆளுங்க வச்ச பேரு, மாத்த யாருக்கும் மனசு வரல" என்று சொல்வார். அப்பா வேலை செய்த ஆலையும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தது. மழைக்கு முன்னால் காற்று திரும்பினால், அவித்த பழக்குலையின் வாடை இன்னும் எங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) வரைக்கும் வரும்.

ஹீட்டர் வந்தது அம்மாவுக்காக. சூடான ஊரில் வெந்நீர் எதற்கு என்று கேட்பவர்கள், அறுபது வயதுக்கு மேல் முட்டிவலியோடு விடியற்காலையில் குளித்தவர்களாக இருக்க மாட்டார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தவரை அம்மா பால்மரக் (ரப்பர்) கட்டையை எரித்துத் தகர டின்னில் வெந்நீர் வைப்பார். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல் வந்தவருக்கும் மட்டும்தான் அது. தாமானுக்கு வந்த பிறகு அடுப்பும் இல்லை, கட்டையும் இல்லை. பக்கத்து வீடுகளில் சுவரில் மாட்டுகிற, தண்ணீர் ஓடும்போதே சூடாக்குகிற சின்னப் பெட்டிதான் இருக்கிறது. அதில் பூவாளிக் குழாய் மட்டும்தான் வரும். அம்மாவுக்கு நின்று குளிக்க முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்து, வாளியில் பிடித்து, மொண்டு ஊற்றிக் குளிக்க வேண்டும். அதற்காகத்தான் தண்ணீரைத் தேக்கி வைத்துச் சூடாக்குகிற டேங்கி வாங்கினோம். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. டேங்கி அப்படியே இருந்தது. கழற்ற மனம் வரவில்லை, கவனிக்கவும் தோன்றவில்லை.

இரண்டு புகார்கள்

கதையை அந்த இரவிலிருந்து தொடங்கினால் நான் நல்லவளாகத் தெரிவேன். ஆகவே அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சிலாங்கூரில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் வெட்டு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை ஒரே நேரத்தில் நிறுத்தினார்களே, அப்போது ஆற்றங்கரை ஊரில் இருந்துகொண்டு வாளியோடு லாரிக்குக் காத்திருந்தோம். அப்புறமும் பல வெட்டுகள். ஒவ்வொரு முறை தண்ணீர் திரும்பும்போதும் முதலில் தேநீர் நிறத்தில் வரும். அழுத்தமும் குறைந்துபோனது. என் வீட்டுக்காரர் ஒரு பம்ப் வாங்கி மாட்டினார். மேல்மாடிக் குழாயில்கூடத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

பம்ப் வந்த மறுவாரம் ஹீட்டர் சொட்ட ஆரம்பித்தது. டேங்கியின் அடியில், குளிர்ந்த நீர் நுழைகிற இடத்தில், பித்தளையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வால்வு உண்டு. ஹீட்டரைப் போட்ட பத்து நிமிடத்தில் அதிலிருந்து சொட்டு விழும். நேரம் ஆக ஆக வேகமாகச் சொட்டும். அடைத்தால் நின்றுவிடும். தரையில் எப்போதும் ஈரம், சுவரில் பச்சைக்கறை. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஊரில் எல்லா வேலையும் செய்கிற ஓர் அண்ணனைக் கூப்பிட்டேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், கைவேலையில் கெட்டிக்காரர். "வால்வு ஒழுகுதுண்ணே, நிறுத்திக் குடுங்க" என்று சொன்னேன். அவர் வால்வின் வாயில் வெள்ளை டேப் சுற்றி ஒரு பித்தளை மூடியைப் போட்டுத் திருகினார். சொட்டு நின்றது. 40 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு தொல்லை. வாரத்தில் ஒருநாள் இரண்டுநாள் ஹீட்டர் தானாகவே நின்றுபோகும். மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற சின்னச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் திரும்ப வேலை செய்யும். காலையில் பள்ளிக்கு அனுப்புகிற அவசரத்தில் ஸ்க்ரூடிரைவரைத் தேட முடியுமா? மறுபடியும் அதே அண்ணன். "அடிக்கடி கட்டாகுதுண்ணே. கட்டாகாம செஞ்சிடுங்க." செய்துவிட்டார். அதற்கப்புறம் ஒருநாளும் நிற்கவில்லை.

இரண்டு முறையும் நான் கேட்டதைத்தான் அவர் செய்தார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தச் சிவப்புப் பொத்தான் ஏன் குதிக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் ஒரு நிமிடம் யோசிக்கத் தோன்றியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

குமுறல்

அன்றைக்கு மாலை ஆறரைக்கு ஹீட்டரைப் போட்டது நான். வழக்கம்போல மறந்துவிட்டேன். சூடானதும் அதுவே நின்றுகொள்ளும் என்பதுதான் எங்கள் எல்லாருடைய நம்பிக்கையும். எட்டேகால் மணிக்கு மகன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான். நான் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்ததும் தொலைக்காட்சிச் சத்தத்தை நிறுத்துவது அவர் பழக்கம். அன்றைக்கும் நிறுத்தினார். அந்த அமைதியில்தான் அவருக்குக் கேட்டிருக்கிறது.

அப்பா குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. "கையை எடுடா!" என்று ஒரு கத்தல். பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். மகன் குழாய்த் திருகில் கைவைத்தபடி மரமாக நிற்கிறான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். அப்போதுதான் எனக்கும் கேட்டது. டேங்கிக்குள்ளிருந்து ஒரு சத்தம். கெட்டில் கொதிக்கிற சத்தம் மாதிரி இல்லை. தூரத்தில் லாரி ஒன்று நின்ற இடத்திலேயே இஞ்சினை உறுமிக்கொண்டிருந்தால் வருமே, அந்த மாதிரி. சுவரில் பதித்த ஓடுகள் லேசாக அதிர்ந்தன. வெந்நீர்க் குழாயின் வாயில், வாஷர் தேய்ந்துபோய் மாதக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்த இடத்தில், சொட்டுக்குப் பதிலாக வெள்ளையாக ஆவி ஊசிபோல் சீறிக்கொண்டு வந்தது. டேங்கியிலிருந்து குழாய்க்கு வருகிற கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ், நடுவில் ஓரிடத்தில், கெண்டைக்காலில் நரம்பு புடைத்த மாதிரி வீங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

"மெயின அடைங்க மாப்பிள்ள. இங்க உள்ள சுவிட்ச தொடாதீங்க, வாசல்ல இருக்கிற பெட்டியில அடைங்க. குழாய யாரும் தொடாதீங்க. பச்சத்தண்ணி உள்ள போகக்கூடாது. எல்லாரும் வெளிய." இவ்வளவுதான் சொன்னார். 76 வயது மனிதர், ஷிப்டில் நிற்கிற ஆள்போல நின்று சொன்னார். அவர் கடைசி ஆளாக வெளியே வந்தார்.

பாய்லர்மேன்

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்புதான். மின்சாரம் போனதும் குமுறல் அடங்கிவிட்டது, சீறல் மட்டும் வெகுநேரம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், என்ன ஏது என்று விசாரித்து, ஒரு ஜக்கில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) கலந்து வேலிக்கு மேலே கொடுத்தார். அப்பா அவரிடம் முதலில் கேட்டது, உங்கள் வீட்டில் என்ன ஹீட்டர் என்றுதான். தண்ணீர் தேக்காத சின்னப் பெட்டி என்று தெரிந்ததும் தலையாட்டிவிட்டுத் தேநீரை வாங்கினார்.

அந்த மூன்று மணி நேரத்தில் அப்பா பேசிய அளவுக்கு என் வாழ்நாளில் அவர் பேசியதாக நினைவில்லை. ஆலைப் பாய்லரில் கண்ணாடிக்குழாய் இரண்டு இருக்கும், உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். ஷிப்ட் மாறும்போது இரண்டையும் திறந்து ஊதிப் பார்க்காமல் புத்தகத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. எரிப்பதற்குச் செம்பனைச் சக்கையும் கொட்டை ஓடும்தான். வெளியிலிருந்து எரிபொருள் வேண்டியதில்லை. பாய்லரில் நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு முந்நூறு பவுண்டு, பழக்குலையை அவிக்கிற இடத்துக்குப் போகும்போது நாற்பது பவுண்டு. எண்களை அவர் அந்தக் காலத்துக் கணக்கில்தான் சொல்வார். அரசாங்கச் சான்றிதழ் இல்லாத ஆள் பாய்லர் பக்கம் நிற்கக்கூடாது. அப்போது நடப்பில் இருந்த 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து பாய்லரைத் திறந்து பார்த்து, சேப்டி வால்வைச் சோதித்துச் சான்றிதழ் புதுப்பித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "அந்த வால்வுல கைவைக்க மேனேஜருக்கே உரிமை கிடையாதும்மா. அது ஊதினா காசு போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஊதட்டும்னு விடணும். அது ஊதுறது கோளாறு இல்ல, அது அதோட வேல."

அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் ஏதோ இறங்கியது. "அப்பா, நம்ம டேங்கியிலயும் ஒரு வால்வு சொட்டிக்கிட்டு இருந்துச்சி" என்றேன். "இருந்துச்சியா? இப்ப?" "அடைச்சிட்டோம்ப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர்க் குவளையைத் தரையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். இதுக்கு ஆள் யாரும்மா?

மறுநாள் காலை ஏழு மணிக்கு டேங்கியில் இருந்த தண்ணீர் இன்னும் கைவைக்க முடியாத சூட்டில் இருந்தது. பதிவு பெற்ற வாயர்மேன் ஒருவர் வந்து மூடியைக் கழற்றினார். பேசாமல் டார்ச்சை அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். இரண்டு இடம் காட்டினார். முதலாவது, சிவப்புப் பொத்தான் இருக்கிற கட்-அவுட். அதன் இரண்டு முனைகளையும் ஒரு சுண்டுவிரல் நீள நீலக் கம்பி இணைத்திருந்தது. அதாவது அந்தப் பாதுகாப்பு அங்கே இருந்தது, ஆனால் மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு போனது. இரண்டாவது, தெர்மோஸ்டாட். சூட்டைப் பார்த்து நிறுத்த வேண்டிய அதன் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொண்டிருந்தன. அது கொஞ்ச நாளாகவே ஒட்டியும் விட்டும் இருந்திருக்கிறது. ஒட்டிய நாட்களில் தண்ணீர் 90 டிகிரியை நெருங்கும்போது கட்-அவுட் குதித்து எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அது செய்துகொண்டிருந்தது அந்த வேலையைத்தான். நான் அதைத் தொல்லை என்று சொன்னேன்.

டேங்கியைக் கழற்றிக் கவிழ்த்தபோது அடியில் சேறு கொட்டியது. சிமெண்டு நிறத்தில், தோசைமாவுப் பதத்தில், ஒரு சிரட்டை அளவு. தண்ணீர் வெட்டு ஒவ்வொன்றுக்கும் பிறகு வந்த தேநீர் நிறம் அங்கேதான் போய்ப் படிந்திருக்கிறது. சூடாக்குகிற கம்பி சேற்றுக்குள் புதைந்தால் அதைச் சுற்றியிருக்கிற தண்ணீர் இடம்விட்டு இடம் நகராமல் அங்கேயே குமிழியிட்டு வெடிக்கும். அப்பா கேட்ட உறுமலில் பாதி அது.

அரை லிட்டர்

இதற்குப் பிறகு நான் பல இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பள்ளியில் படித்த அறிவியல்தான், புதிதாக ஒன்றும் இல்லை. எங்கள் ஹீட்டர் 3 கிலோவாட். 35 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக அதற்கு அரை மணி நேரம்கூட வேண்டாம். அங்கே நிற்காமல் போனால் இன்னொரு அரை மணி நேரத்தில் 100. மூடிய பாத்திரத்தில் 100இலும் தண்ணீர் கொதித்துப் போய்விடாது, அழுத்தம் அதை நீராகவே பிடித்து வைத்திருக்கும். நம் வீட்டுக் குக்கரில் வெயிட் வைத்ததும் உள்ளே 120 டிகிரிவரை ஏறுவது அப்படித்தான். பம்ப் கொடுக்கிற 2 பார் அழுத்தத்தில் 130ஐத் தாண்டும். எட்டேகால் மணிக்கு எங்கள் குளியலறையில் இருந்த தண்ணீர், ஆலையில் பழக்குலையை அவிக்கிற சூட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அந்த நிலையில் பாத்திரம் கிழிந்தால், பிடித்துவைத்திருந்த அழுத்தம் ஒரே நொடியில் போகும். தண்ணீரில் ஒரு பகுதி அதே நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். எங்கள் குளியலறை ஐந்தடிக்கு ஏழடி.

அந்தச் சொட்டுக்கும் கணக்கு உண்டு. சூடாகிற தண்ணீர் பெருகும். 35 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் கிட்டத்தட்ட அரை லிட்டர் கூடும். ஒரு சின்ன மினரல் வாட்டர் போத்தல் அளவு. பம்ப் இல்லாத காலத்தில் அந்த அரை லிட்டர் வந்த குழாய் வழியாகவே கூரை டேங்கிக்குத் திரும்பிப் போய்விடும், யாருக்கும் தெரியாது. பம்பில் தண்ணீர் பின்னால் போகாதபடி தடுக்கிற வால்வு இருக்கிறது. பின்வாசல் அடைபட்டதும் தண்ணீர் தனக்கென்று வைத்திருந்த ஒரே வழியில், பித்தளை வால்வில், சொட்டுச் சொட்டாக வெளியேறியது. தினமும் அரை லிட்டர். நான் 40 வெள்ளி கொடுத்து அந்த வழியையும் அடைத்தேன்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். வாஷர் தேய்ந்த அந்தக் குழாய். அதையும் சரிசெய்ய வேண்டும் என்று குளிர்பதனப் பெட்டிக் கதவில் பட்டியல் எழுதி ஒட்டி வைத்திருந்தேன். நேரம் கிடைக்கவில்லை. நேரம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றி நானும் வீட்டுக்காரரும் இன்னும் பேசவில்லை.

குக்கரின் விசிலை நாம் யாரும் அடைப்பதில்லை. அது கத்தினால் எரிச்சல் வரும், ஆனால் வாயில் துணியைத் திணிக்க மாட்டோம். 1679இல் டெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பை வேகவைக்க மூடிய பாத்திரம் செய்த காலத்திலிருந்து, கொதிக்கிற பாத்திரத்துக்கு மூச்சுவிட வழி வேண்டும் என்பது அடுப்பங்கரைக்குத் தெரிந்த விஷயம். அடுப்பின்மேல் இருந்தால் தெரிகிறது. அதே பாத்திரம் வெள்ளைப் பெயிண்ட் அடித்துச் சுவரில் ஏறினதும் மறந்துபோகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை வைத்துத்தான் நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லியாம்ப் கசிவுத் தடுப்பான் போட்டிருக்கிறோமே என்பார்கள். ஈரத்தரை உள்ள இடத்துக்கு அது வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு மின்சார விதிகளே சொல்கின்றன. எங்கள் வீட்டிலும் இருந்தது, வாயர்மேன் பொத்தானை அழுத்திப் பார்த்தார், ஒழுங்காகத் தட்டியது. ஆனால் அது மின்சாரம் கசிகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். தண்ணீர் கொதிக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அன்றைக்கு மகன் குழாயைத் திறந்திருந்தால் அது சும்மாதான் இருந்திருக்கும். 60 டிகிரித் தண்ணீரே பெரியவர்கள் தோலை ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். அங்கே வெளியே வரக் காத்திருந்தது தண்ணீர்கூட இல்லை.

அந்த அண்ணன்

வேலை செய்த அண்ணனை நான் போய்ப் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை. நீலக் கம்பியை ஒரு தாளில் மடித்து எடுத்துப் போயிருந்தேன். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. ஒட்டுக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் மூணு வீட்ல இப்படி செஞ்சிருக்கேன் தங்கச்சி" என்றார். அன்றைக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று வீட்டுக்கும் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும், முதல் இரண்டு நாள் இருந்தது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவர் யாரிடம் கற்றிருக்க முடியும்? தோட்டத்தில் இருந்தவரை தண்ணீருக்கு ஓர் ஆள் இருந்தார், லைட் இஞ்சினுக்கு ஓர் ஆள் இருந்தார், இரவு நேரத்துக்கு அணைப்பதும் காலையில் போடுவதும் அவர் பொறுப்பு. அந்த வாழ்க்கையில் நல்லது என்று சொல்ல அதிகம் இல்லை. அப்பாவே அது திரும்ப வரவேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, ஆட்கள் தாமானுக்கு வந்தபோது மின்சாரம், தண்ணீர், கேஸ் எல்லாம் வீட்டுக்குள்ளேயே வந்தது. நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இருந்த ஆள் மட்டும் கூட வரவில்லை. அந்த ஆளின் வேலை யார் தலையில் விழுந்தது என்று ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அது என் தலையில்தான் விழுந்திருக்கிறது. ஹீட்டரைப் போடுவது நான், புகார் சொல்வது நான், காசு கொடுப்பது நான். அப்பாவின் கேள்விக்கு அன்று இரவே பதில் இருந்தது, வாய் வரவில்லை.

புது டேங்கி போட்டிருக்கிறோம். வாங்கவே வேண்டாம் என்று நான் சொன்னேன். அப்பாதான், "பயந்துக்கிட்டு பச்சத்தண்ணியில குளிக்க முடியுமா? எனக்கும் முட்டி வலிக்குது" என்றார். அம்மா இருந்தவரை வெந்நீர் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர். வால்விலிருந்து ஒரு செம்புக் குழாய், வழியில் எங்கும் மேலே ஏறாமல், சுவரைத் துளைத்து வெளியே போய், கறிவேப்பிலைச் செடியின் அடியில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அதில் மூடி இல்லை, அடைப்பு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வால்வின் பிடியைத் தூக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும். பிடியைத் தூக்கினால் தண்ணீர் வர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் சோதனை. அப்பா வெளியே செம்புக்குழாய் பக்கத்தில் நின்றார். மகனை ஸ்டூலில் ஏற்றிப் பிடியைத் தூக்கச் சொன்னேன். ஹீட்டரைப் போடுகிற நேரமும் அடைக்கிற நேரமும் எழுத அப்பா ஒரு பள்ளி நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறார், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்குகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த எழுத்து, கோடு தாண்டாமல் இருக்கும். அன்றைக்கு எழுதியதை நான் படித்தேன்: "காலை 7.20. பிடி தூக்கியது. தண்ணீர் வந்தது. விட்டது. நின்றது." அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிற இடத்தை விட்டுவைத்து, பேனாவை என்னிடம் நீட்டினார்.